திருமணமானவர்களும் விண்ணப்பிக்கலாம்

பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் சேர இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள அடிப்படைத் தகுதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து மொத்தத்தில் 45 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40. உடல்தகுதி வேண்டும். இவற்றோடு கவுன்சிலின் வழிகாட்டுதல்களில் இன்னொரு வரியும் வருகிறது: திருமணமானவர்களும் சேரலாம்.

இலக்கணம் நடத்திப் பழகியவளுக்கு அந்த ‘உம்’மைத் தாண்டிப் போக முடியவில்லை. எச்சவும்மை. சொல்லாமல் விட்ட இன்னொன்றைத் தழுவி நிற்பது. ‘கண்ணனும் வந்தான்’ என்றால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள். இங்கே அந்த வேறு யார், விதி பெயர் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருப்பவள், கல்யாணமாகாத பெண். பொறியியல் சேர்க்கை விதிகளில் இப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை. அங்கே யாரும் கேட்காததால் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இங்கே யாரோ விடாமல் கேட்டிருக்கிறார்கள்.

கேட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அறிய ராணுவ நர்சிங் கல்லூரிகளின் சேர்க்கை நிபந்தனைகளைப் படிக்கலாம். ஏழை வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய கனவு. கல்விக் கட்டணம் இல்லை. முடித்தால் அதிகாரியாகப் பணி. பெண்கள் மட்டுமே சேர முடியும். மணமாகாதவர், விவாகரத்தானவர், சட்டப்படி பிரிந்தவர், கணவரை இழந்தவர் என்று வரிசை போகிறது. அதன் முடிவில் ‘என்கம்பரன்ஸ்’ இல்லாதவராக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. மனை வாங்கும்போது பத்திரப் பதிவு அலுவலகத்தில் ‘ஈசி’ போட்டுப் பார்க்கிறோமே, அந்த வில்லங்கம்தான். மனைக்கு வில்லங்கம் அடமானம். பெண்ணுக்கு வில்லங்கம் அவள் பெற்ற பிள்ளை.

நர்ஸுக்குத் தமிழில் செவிலி என்று பெயர் வைத்தபோது சங்க இலக்கியத்திலிருந்து சொல்லை எடுத்தோம். அகப்பாடல்களின் செவிலி தலைவியை வளர்க்கிறாள். அவள் பெற்ற மகள்தான் தோழி. இந்த நிபந்தனைப்படி அவளுக்கு இடம் கிடைத்திருக்காது.

1988இல் ராணுவ நர்சிங் பணியிலிருந்த அதிகாரி ஒருவர் திருமணம் செய்துகொண்டதற்காக வெளியேற்றப்பட்டார். அதற்கு இடம் கொடுத்த 1977ஆம் ஆண்டு உத்தரவு 1995இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அவருடைய வழக்கு முடிவுக்கு வர 2024 பிப்ரவரி ஆனது. வெளியேற்றியது தவறு, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அது பணியில் இருந்தவருக்கான தீர்ப்பு. படிப்பில் சேர வருகிறவளின் நிபந்தனை அந்த வழக்கின் பொருளாக இருக்கவில்லை.

கவுன்சிலின் பாட நிபந்தனைக்கு வருவோம். அதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. கருணை, பொறுமை, தாய்மை எதையும் அது கேட்கவில்லை, வேதியியலைக் கேட்கிறது. செவிலியத்தைப் பெண்ணின் இயல்பு என்று மேடையில் புகழ்வது சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கான வழி. 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பாகத் தொடங்கியபோதே இது கற்றுத் தேற வேண்டிய அறிவு என்பது ஏற்கப்பட்டுவிட்டது. அதனால் அறிவியல் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் மொழி? ஆங்கிலம் கட்டாயம். நோயாளி பேசும் மொழி தகுதிப் பட்டியலில் எங்கும் இல்லை. ‘முழுகாம இருக்கேன்’ என்று ஒரு பெண் சொன்னால் கருவுற்றிருக்கிறாள் என்று பொருள். ‘தூரம் நாள் தள்ளிப்போச்சு’ என்பாள். வெட்கத்தில் பாதியை விழுங்கிவிடுவாள். இதைப் புரிந்துகொள்ளும் காது மருத்துவமனையில் உயிர்காக்கும் கருவி. அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆங்கிலத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்க் குடும்பத்தின் கடனை அடைக்கும் பெண்களுக்கு அதுதான் கடவுச்சீட்டு. பக்கத்தில் இன்னொரு மொழிக்கும் இடம் வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்பதை நம் ஊர்களில் பல பெண்கள் தாங்களாக முடிவு செய்வதில்லை. அறிவியல் பிரிவு இருக்கும் பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டுமென்றால், நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் பள்ளியின் கலைப்பிரிவுதான். என் தமிழ் வகுப்புக்கு வருகிறவர்களில் நர்ஸாக ஆசைப்பட்டவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறொரு வழி இருப்பதைப் பள்ளியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜி.என்.எம். பட்டயப் படிப்புக்கு 40 விழுக்காடு போதும். அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை உண்டே தவிர, கலைப்பிரிவுக்குக் கதவு மூடப்படவில்லை. மூன்று ஆண்டுகள். பதிவு பெற்றபின் இரண்டு ஆண்டில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நேராகப் போனால் நான்கு, சுற்றிப் போனால் ஐந்து. 17இல் தொடங்கினால் 22. அதற்குள் வீட்டில் ஜாதகம் எடுத்திருப்பார்கள்.

எனவே அந்த ‘உம்’ எனக்கு உறுத்தினாலும் அதை அடித்துவிடச் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு பெண். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். பதினெட்டு முடிந்ததும் கல்யாணம். இருபதாவது வயதில் புருஷனைச் சம்மதிக்க வைத்து ஒரு தனியார் கல்லூரிக்குப் போனாள். அலுவலகத்தில் இருந்தவர் மதிப்பெண் பட்டியலைத் திறக்கவேயில்லை, தாலியைப் பார்த்தார். “நடுவுல குழந்தை வந்துட்டா என்னம்மா பண்ணுவீங்க? கல்யாணம் ஆனவங்களை எடுக்கறதில்லை” என்றார். அப்படி எடுக்கலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். இப்போது ஒரு கிளினிக்கில் இருக்கிறாள். கட்டுப் பிரிக்கிறாள், ரத்த அழுத்தம் பார்க்கிறாள். வருகிறவர்கள் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சம்பள நோட்டில் அவள் பெயருக்கு எதிரே ‘ஆயா’ என்று எழுதியிருக்கிறது.