மனோராவில் ஆவுளியா பார்க்க முடியுமா?

மனோரா போய்வந்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "அங்க பார்க்க என்னங்க இருக்கு?" ஆங்கிலேயர் நெப்போலியனை வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814-15இல் கட்டிய எட்டு நிலைக் கோபுரம் இருக்கிறது. (தஞ்சாவூர் ராஜாவுக்கு நெப்போலியனோடு என்ன பகை என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.) அதைத் தாண்டினால் பெரிய அலை இல்லாத, கலங்கலான கடல்.

அந்தக் கடலில்தான் விஷயம் இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல். மனோராவில் ஒரு சர்வதேச மையமும் வரப்போகிறது. உடனே சுற்றுலாக் கணக்கு ஆரம்பமாகிவிடும், "படகு விட்டா கூட்டம் வருமே" என்று.

இதற்கு எல்லோரும் காட்டக்கூடிய உதாரணம் ஐஸ்லாந்தின் வடகரையில் இருக்கும் ஹூசாவிக். சின்ன மீன்பிடி ஊர். 1995 வாக்கில் திமிங்கலம் பார்க்கப் படகு விட ஆரம்பித்தார்கள். இன்று ஊரின் பேரே அதனால்தான். பழைய இறைச்சிக்கூடத்தில் திமிங்கல அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. திமிங்கலம் மூச்சு விட்டால் தூரத்திலிருந்தே தெரியும். ஆவுளியா மூக்கு நுனியை மட்டும் நீட்டி, மூச்செடுத்து, உள்ளே போய்விடும். நம் கலங்கல் தண்ணீரில் பத்தடி தள்ளி இருந்தாலும் தெரியாது. தண்ணீர் தெளிந்த எகிப்தின் மர்சா ஆலம் பக்கம் அது கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே படகுகளும் முக்குளிப்பவர்களும் துரத்தித் துரத்தி அதை மேயவிடாமல் செய்வதாகப் புகார். இந்தியக் கடலில் மொத்தமே இருநூற்றுச் சொச்சம்தான் மிச்சம் என்கிறார்கள். ஒரு பசு ஒரு தடவைக்கு ஒரு கன்றுதான் போடும். அடுத்ததற்கு மூன்று வருஷமாவது ஆகும். இதில் ஒன்று படகில் அடிபட்டாலும் ஈடுகட்ட முடியாது.

என்னைக் கேட்டால், அந்த மையம் ஆவுளியாவைக் காட்டவே வேண்டாம். கடற்புல்லைக் காட்டட்டும். ஆவுளியா புல்லை நுனி கடிப்பதில்லை, வேரோடு பிடுங்கித் தின்னும். அது மேய்ந்த இடத்தில் ஏர் ஓட்டின சால் மாதிரி நீளக் கோடு விழும். டெல்டாக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம், பார்த்ததும் புரியும். அந்தப் புல்தரையை இழுவைமடி எப்படி வழித்துக்கொண்டு போகிறது என்பதையும் மறைக்காமல் காட்ட வேண்டும், விசைப்படகுக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும்.

இன்னொன்று. வலையில் சிக்கின ஆவுளியாவை வலையை அறுத்து விட்ட மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களுக்குப் பரிசுப்பணமும் கொடுத்திருக்கிறது. மையத்தின் முதல் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை ஆவுளியா வைப்பதைவிட, அப்படி அறுபட்ட வலை ஒன்றைத் தொங்கவிடலாம். பக்கத்திலேயே அந்த வலையின் விலை எவ்வளவு, கிடைத்த பரிசு எவ்வளவு என்று எழுதியும் வைக்கலாம்.