வெட்கமா, பயமா?

தீர்ப்பும் ஒரு பிரதிதான், அதையும் வாசிக்கலாம். ஈரான்காரர் ஒருவர், கேமரூன்காரர் ஒருவர். ஆண்களைக் காதலிக்கும் இந்த இரு ஆண்களும் பிரிட்டனில் தஞ்சம் கேட்டார்கள். தோட்டத்தில் காதலனுக்கு முத்தமிட்டதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட, கேமரூன்காரரைக் கூட்டம் அடித்துப்போட்டிருந்தது. திரும்பிப் போய் வெளியே தெரியாமல் அடக்கமாக இருந்துகொள்ளலாமே என்றது பிரிட்டிஷ் அரசு. 2010 ஜூலை 7ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தைத் தள்ளியது. துன்புறுத்தலுக்குப் பயந்து மறைந்து வாழ நேர்ந்தால் அவர் அகதிதான் என்றது.

சந்தோஷம். ஆனால் அதே பிரதிக்குள் ஒரு சந்து. பெற்றோர் மனம் நோகுமே, நண்பர்கள் முன்னால் கூச்சமாச்சே என்று மட்டும் மறைக்கிறவர் அகதி இல்லையாம். பயமும் ஒரு காரணம் என்று காட்டியாகணும்.

வாடகை வீடு தேடிப் போனேன். 'ஊர்ல எந்தத் தெரு?' என்றார் வீட்டுக்காரர். சேரி என்ற சொல்லை விழுங்கிவிட்டேன். அது வெட்கமா, பயமா? இன்றுவரை எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அடி விழுகிற ஊரில்தானே கூச்சம் முளைக்கிறது? அம்மாவின் அழுகைக்குப் பின்னாலும் ஊர்க்காரன் தடியோடு நிற்கிறான். இதைப் பிரித்துக் காட்டு என்று உயிர் தப்பி வந்தவனிடம் கேட்பது நியாயமில்லை. வெட்கத்தை ஊட்டியவன் யார் என்றுதான் சட்டம் கேட்டிருக்க வேண்டும்.