மாந்தரைக் குறிக்கும் ஒருபொருட் சொற்கள்: பயிற்சிமுறை பற்றிய ஒரு மதிப்பீடு

மாந்தரின் இயல்பைக் குறிக்கும் சொற்களுக்கு ஒத்த பொருளுடைய பிற சொற்களை எழுதுமாறு மாணவரைப் பணிப்பது தமிழ் கற்பித்தலில் நெடுநாளாக நிலவிவரும் பயிற்சியாகும். கஞ்சன் என்பதற்குக் கருமி, உலோபி. சோம்பேறி என்பதற்கு மடியன். மூடன் என்பதற்குப் பேதை என விடைகள் அமையும். இச்சொற்கள் ஒன்றற்கொன்று ஈடாக நிற்கவல்லன என்னும் கருத்தே இப்பயிற்சியின் அடிப்படை. அது எவ்வளவு பொருந்தும் என்பதையும், பெங்களூர்ச் சிவாஜிநகர் போன்ற பன்மொழிச் சூழலில் அதன் விளைவு யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. மரபும் நோக்கமும்

இப்பயிற்சியின் வேர் நிகண்டுகளில் உள்ளது. திவாகரமும் சூடாமணி நிகண்டும் மக்கட்பெயர்த் தொகுதியை இரண்டாவதாக வைத்துள்ளன. பிங்கலம் ஆடவர் வகை எனத் தனிப்பகுதி வகுத்துள்ளது. நூற்பாவில் அமைந்த திவாகரத்தினும் விருத்தத்தில் அமைந்த சூடாமணி மனனம் செய்ய எளிது. திண்ணைப் பள்ளிகளில் அது நிலைபெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) தன் நான்கு பிரிவுகளுள் ஒன்றான பொருளகராதியில் இம்மரபைத் தொடர்ந்தது.

நிகண்டு கற்றவர் செய்யுளைப் பொருளுணர்ந்து படிக்கவும், எதுகை மோனைக்கு ஏற்பச் சொல்லைத் தேர்ந்து செய்யுள் இயற்றவும் அதனைப் பயன்படுத்தினர். அந்நோக்கத்திற்குப் பட்டியலே போதுமானது. இன்றைய மாணவரோ உரைநடை எழுதுகிறார். பட்டியல் தொடர்கிறது; அதற்குரிய பயன்பாடு மாறிவிட்டது. குறை நிகண்டினுடையது அன்று. அதனை இடம் மாற்றி ஆள்வதில் உள்ளது.

2. இலக்கண வேறுபாடு

கஞ்சன், கருமி என்னும் இரண்டும் ஒருபொருளன எனக் கொள்ளினும் ஒரே இடத்தில் வாரா. கஞ்சன் என்பது ஆண்பால் ஈறு உடையது. அதற்கு வழக்கில் பெண்பால் வடிவம் இல்லை. கருமி இருபாலுக்கும் பொது. 'அவள் ஒரு கருமி' என்பது இயல்பாக அமைய, 'அவள் ஒரு கஞ்சன்' என்பது இடறுகிறது. பேச்சுத் தமிழ் 'கஞ்சம்' என்னும் வடிவால் இவ்விடரைக் கடக்கிறது. ஆனால் பட்டியலில் அவ்வடிவிற்கு இடமில்லை. சோம்பேறி, ஏமாளி போன்ற இகர ஈற்றுச் சொற்களுக்கும் மடியன், மூடன் போன்ற சொற்களுக்கும் இடையே இதே வேறுபாடு உண்டு.

3. மதிப்பீட்டு வேறுபாடு

மாந்தர்ப் பெயர்கள் ஒருவரைச் சுட்டுவதோடு நில்லாமல், சொல்பவரின் தீர்ப்பையும் உடன் கூறுகின்றன. குறைவாகச் செலவிடும் ஒருவரை ஒருவர் சிக்கனக்காரர் என்பார். மற்றவர் கஞ்சன் என்பார். செயல் ஒன்றே, தீர்ப்பு வேறு. பேதை என்னும் சொல் இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. திருக்குறளின் பேதைமை அதிகாரத்தில் அது அறிவிலியைக் குறிக்கும். பெண்ணின் ஏழு பருவங்களுள் முதலாவதற்கும் அதுவே பெயர். மடமை, மடந்தை என்னும் சொற்களும் இத்தகைய உறவுடையன. அறியாமையைப் பெண்மையோடு இணைத்த பழைய சமூகப் பார்வை இச்சொற்களில் படிந்துள்ளது. 'மூடன் = பேதை' எனச் சமக்குறியிட்டு எழுதும் மாணவருக்கு இவ்வரலாறு புலப்படுவதில்லை.

4. சிவாஜிநகர்ச் சூழல்

1809இல் பெங்களூரில் பாளையம் நிறுவப்பட்டபின் சென்னை மாகாணத்திலிருந்து படையோடும் வணிகத்தோடும் தமிழர் பலர் குடியேறினர். பாளையப் பகுதியாக இருந்து 1949இல் பெங்களூர் மாநகராட்சியோடு இணைந்த சிவாஜிநகரில் தமிழ், தக்கினி உருது, கன்னடம், தெலுங்கு ஆகியவை அருகருகே வழங்குகின்றன. இங்கு வளரும் சிறுவனுக்குக் கருமியைக் குறிக்கத் தமிழில் கஞ்சன், உருதுவில் கஞ்சூஸ், கன்னடத்தில் ஜிபுண என மூன்று சொற்கள் செவிவழியே கிடைக்கின்றன. கன்னடத்தில் சோம்பேறியைக் குறிக்கும் இயல்பான சொல் சோமாரி. சென்னைப் பேச்சில் அது வசைச்சொல். ஆகவே ஒரே ஒலிவடிவம் ஒருவரிடம் கூறத்தக்கதாகவும் மற்றொருவரிடம் பூசலை விளைப்பதாகவும் அமையக்கூடும் என்பதை இச்சிறுவன் பள்ளிக்கு வெளியிலேயே அறியும் வாய்ப்புப் பெறுகிறான். பட்டியல் பயிற்சி இவ்வறிவைப் பயன்கொள்ளாததோடு, மடியன், உலோபி போன்ற சொற்களை மட்டுமே தமிழ் எனக் காட்டி, அவன் பேசும் தமிழைத் தமிழன்று என எண்ணவும் செய்கிறது. தாய்மொழிக் கல்விக்கு வாய்ப்புக் குறைந்த இடத்தில் இது பேரிழப்பு.

5. முடிவு

இப்பயிற்சியை நீக்க வேண்டுவதில்லை, மாற்றியமைத்தல் வேண்டும். சொல்லைத் தனியே தராமல் தொடரில் தந்து, எந்தப் பாலுக்குப் பொருந்தும், யார் யாரிடம் கூறலாம், புகழ்ச்சியா இகழ்ச்சியா என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. எடுத்துக்காட்டுத் தொடர்களையும் வழக்குக் குறிப்புகளையும் தந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992) இதற்கு ஏற்ற துணையாகும். பிறரை எச்சொல்லால் குறிக்கிறோம் என்பது சொல்வளத்தைச் சார்ந்தது மட்டுமன்று. அவரை எவ்வாறு மதிக்கிறோம் என்பதையும் சார்ந்தது. ஒருபொருட் சொற்களைக் கற்பிப்போர் ஒப்புமையைக் காட்டுமளவிற்கு வேற்றுமையையும் காட்டுதல் கடன்.