சாப்பாட்டு மேசையில் இரண்டு வாள்

கோத்தோபுகியா என்ற ஜப்பானிய பொம்மை நிறுவனத்தின் ‘சாமுராய் வாள்’ சாப்ஸ்டிக்கை எடுத்தால் கண் முதலில் போவது பிடிக்குத்தான். நிஜ வாளில் மரப்பிடியின் மேல் திருக்கை மீனின் தோலைப் போர்த்தி, அதன்மேல் நாடாவை மாற்றி மாற்றிப் பின்னிச் சுற்றுவார்கள். நாடா விட்டுவைத்த சாய்சதுர இடைவெளிகளில் தோலின் மணிமணியான சொரசொரப்பு எட்டிப் பார்க்கும். வியர்த்த கை வழுக்காமல் இருக்கத்தான் இத்தனையும். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குச்சியில் அந்தச் சாய்சதுரங்களை வரிசை கட்டி நிறுத்தியிருக்கிறார்களே, அந்தக் கைக்கு ஒரு வளையல் போடலாம். சாப்ஸ்டிக்கையும் மேல்பாதியில்தான் பிடிக்கிறோம் என்பதால் அலங்காரம் வீண்போகவில்லை. விரலுக்குப் பிடிமானம் கிடைக்கிறது.

பிடி முடியுமிடத்தில் ‘ட்சுபா’ என்ற கைக்காப்புத் தகடு. போரில் அது, குத்தும் வேகத்தில் தன் கையே அலகின்மேல் சறுக்கிவிடாமல் காத்தது. இங்கே, விரலைத் தாழப் பிடிக்கும் புதியவரை ‘இதற்குக் கீழே வராதே’ என்று நிறுத்துகிறது.

அலகில் ஓடும் அலைக்கோடுதான் கொஞ்சம் ஏமாற்றம். முதுகில் தடித்தும் வாயில் மெலிந்தும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தும்போது எஃகில் தானாக எழும் கோடு அது, அச்சில் எழாது. வளைவிலும் சங்கடம் உண்டு: கூடினால் நுனிகள் சேராது, குறைந்தால் வாள் வெறும் கோலாகிவிடும்.

இன்னொரு வேடிக்கை. எடோ காலச் சாமுராயின் இடுப்பில் நெடியதும் குறியதுமாக இரண்டு வாள் இருக்கும். சாப்ஸ்டிக் அப்படி ஏறுமாறாக இருந்தால் சோறு வாய்க்கு வராது. ஆகவே இரண்டும் நெடுவாள். வரலாறு தெரிந்தவர்கள் முகம் சுளித்துவிட்டுச் சாப்பிடலாம்.

இந்தத் தொடரில் 16ஆம் நூற்றாண்டுத் தளபதி ஓடா நொபுநாகாவுக்கும் ஒரு ஜோடி உண்டு. அவருடைய ஹெஷிகிரி ஹசேபே என்ற வாளுக்கு ஒரு சமையற்கட்டுக் கதை இருக்கிறது. கோபத்துக்கு ஆளான தேநீர்ப் பணியாளர் ஒருவர் பாத்திர அலமாரிக்குள் பதுங்கினாராம். ஓங்கி வீச இடமில்லை. நொபுநாகா வாளை வைத்து அழுத்த, அலமாரியோடு ஆளும் துண்டானார். 64.8 செ.மீ. நீளமுள்ள அந்த அலகு இன்று ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷம்.

அவர் பெயர் சுமக்கும் இந்தக் குட்டி வாளுக்கோ கட்டுப்பாடு கடுமை. ஜப்பானியப் பந்தியில் உணவைச் சாப்ஸ்டிக்கால் குத்துவது மரியாதைக் கேடு. டோஃபுத் துண்டைக்கூட நோகாமல் அணைத்துத்தான் தூக்க வேண்டும்.