நேரலைத் திரையும் நயினாதீவுக் கல்வெட்டும்: வகுப்பறை வரலாறு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கல்விச் சாதனங்கள் பற்றிய விவாதங்கள் நம்மிடையே பெரும்பாலும் சாதனத்தோடு தொடங்கிச் சாதனத்தோடேயே முடிந்துவிடுகின்றன. வானொலி வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. ஒரே வேளையில் பல பாடசாலைகளுக்கு இணையவழி நேரலையாக வரலாற்று நிகழ்வுகளை வழங்கும் இன்றைய வழக்கம் குறித்தும் 'பயனுடையது', 'பயனற்றது' என்னும் இரு தீர்ப்புகளே செவியில் விழுகின்றன. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. திரைக்கு அப்பாலிருந்து பேசுபவர் யார்? இப்பாலிருந்து கேட்பவர் யார்? இவ்விருவருக்குமிடையிலான உறவு, அங்கு சொல்லப்படும் வரலாற்றின் உள்ளடக்கத்தை எவ்வாறு நிர்ணயிக்கின்றது? யாழ்ப்பாணத் தீவகத்தை உரைகல்லாகக் கொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

வினா புதியதன்று. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் 1924இல் பாடசாலை ஒலிபரப்பைத் தொடங்கியது. இலங்கை வானொலியும் நீண்டகாலம் பாடசாலைகளுக்கென ஒலிபரப்பு நடத்தியது. ஜேர்மனியில் 1920களின் இறுதி தொட்டு நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றும்வரை வால்டர் பெஞ்சமின் பெர்லின், பிராங்பேர்ட் வானொலி நிலையங்களில் சிறுவர்க்கெனப் பல உரைகள் நிகழ்த்தினார். பஸ்தீல் சிறை, 1755ஆம் ஆண்டின் லிஸ்பன் நிலநடுக்கம், பெர்லினின் நெரிசல் மிக்க வாடகைக் குடியிருப்புகள் என்பன அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுட் சில. அரசர் வரிசையை விடுத்து, கேட்கும் பிள்ளையின் தெருவிலிருந்து வரலாற்றைத் தொடங்கியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. அதே காலப்பகுதியில், 1932இல், பேர்டோல்ட் பிறெக்ட் வானொலி பற்றி ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். வானொலி விநியோகம் மட்டுமே செய்கின்றது. கேட்பவரையும் பேசவைக்கும் தொடர்பு சாதனமாக அது மாற்றப்படவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பிறெக்ட் வேண்டிய தொழினுட்பம் இன்று கைக்கு எட்டியுள்ளது. இணையவழி நேரலை இருவழிப்பட்டது. மாணாக்கருக்கும் ஒலிவாங்கி உண்டு. ஆயினும் நிகழ்வு தொடங்கியதும் முதலில் இடப்படும் கட்டளை, ஒலிவாங்கிகளை மூடுக என்பதேயாம்! பல நூறு பேர் இணையும்போது ஒழுங்கு வேண்டும் என்பது உண்மையே. எனினும் ஒரு மணி நேர நிகழ்வில் ஐந்து நிமிடம் வினாவுக்கு ஒதுக்கப்படுவதைத் தொழினுட்பம் விதிக்கவில்லை. அறிவு மையத்தில் உற்பத்தியாகி ஓரங்களில் நுகரப்படுவது என்னும் சமூக உறவே அவ்வாறு விதிக்கின்றது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்வுறவு வெளிப்படையாயிற்று. அரசு 'குரு கெதர' என்னும் பெயரில் தொலைக்காட்சிப் பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்களோ சூம், வட்ஸ்அப் வழியாகத் தமது சொந்தக் கைத்தொலைபேசியிற் கற்பித்தனர். டேட்டாச் செலவு அவர்தம் சம்பளத்திலிருந்தும் பெற்றோரின் நாட்கூலியிலிருந்தும் சென்றது. ஊவாவின் பொகிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் சமிக்ஞை தேடிப் பாறை உச்சிக்கு ஏறிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. கல்வியார்வத்தின் சான்றாக அது கொண்டாடப்பட்டது. நாம் அதனை யார் எதற்குச் செலுத்தினர் என்னும் கணக்காக வாசிக்கின்றோம். அவ்வாண்டு ஜூலை 12ஆம் திகதி ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்னிறுத்தி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த அப்போராட்டத்தில் கருவிகள் யாவும் இருந்தவாறே இருந்தன, பாடந்தான் நடைபெறவில்லை. தொழினுட்பம் கற்பிக்கின்றது என்னும் மயக்கத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

தீவகத்தில் இன்னொரு தடையும் சேர்ந்துகொள்கின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்வலைக்குப் புறத்தே, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. இம்மூன்று தீவுகளிலும் காற்று, சூரிய மின்திட்டம் அமைக்கும் ஒப்பந்தம் 2021 சனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் அத்திட்டம் இந்திய நன்கொடையாக மாறியது. நெடுந்தீவு வகுப்பறையின் மின்குமிழ்கூட வல்லரசுப் போட்டியினின்று விலகியிருக்கவில்லை.

இனி உள்ளடக்கத்துக்கு வருவோம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டொன்று உள்ளது. கா. இந்திரபாலா அதனைப் பதிப்பித்து, 1963இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில ஆய்வேட்டில் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கே, வந்திறங்க வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்படல் வேண்டும். யானை, குதிரை கொண்டுவரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. இதுவே அரசாணையின் பொருள்.

இச்சாசனம் திரையில் எவ்வாறு தோன்றக்கூடும்? ஒருவகை நேரலையில் அது பொலன்னறுவை மன்னனின் ஆணை வடகடல்வரை சென்றமைக்குச் சான்றாகும். மற்றொருவகையில், சிங்கள மன்னனும் தமிழிலேயே ஆணையிட நேர்ந்தமைக்குச் சான்றாகும். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் அடிப்படையில் ஒரே வாசிப்பே: மன்னனையும் மொழியையும் கண்டு கலத்தையும் சரக்கையும் காணாத வாசிப்பு. ஆணை தமிழில் உள்ளமைக்குக் காரணம், அதனை வாசித்துப் பயன்கொள்ளவேண்டிய வணிகர் கூட்டத்தின் மொழியும் துறைமுகத்தின் மொழியும் தமிழாயிருந்தமையே எனல் பொருந்தும். உண்மையான வினா பங்கீட்டில் உள்ளது. யானைக்கும் குதிரைக்கும் ஏன் காற்பங்கு மட்டும்? அவை போர்க் கருவிகள். அவற்றைக் கொணரும் வணிகனின் நட்டத்தைக் குறைத்து, வரவை ஊக்குவிக்க அரசு விரும்பியது என்பது எமது விளக்கம். பராக்கிரமபாகு தென்னிந்தியாவுக்குப் படையனுப்பிய மன்னன் என்பதையும் இதனுடன் சேர்த்து நோக்குதல் வேண்டும். கால், அரை என்னும் பின்னங்களை அறிந்த பிள்ளை எவரும் இவ்வினாவை எழுப்ப வல்லவர்.

அடுத்த வினா இதிலிருந்தே பிறக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்துறைக்கு யானை வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலோ இத்துறையினின்று யானை சென்றது. ஊர்காவற்றுறையின் ஐரோப்பியப் பெயரான 'கைற்ஸ்', துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபாகும். யானைத் துறைமேடை என்றே அவர்கள் அதனை வழங்கினர். வன்னித் தலைவர்களிடம் திறையாகப் பெற்ற யானைகள் விற்பனைப் பண்டமாயின. ஒல்லாந்தர் காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்றும், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் பெயரிட்டனர். இவற்றைத் தாயக ஏக்கம் என்று கொள்வாருமுளர். இந்நான்கு நகரங்களும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முதலீட்டுக் கிளைகள் அமைந்திருந்த நகரங்கள் என்பதைக் கவனித்தால் ஏக்கத்தின் பொருளாதார அடித்தளம் புலனாகும். நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளும் அவ்வாறே. ஐரோப்பியர் அங்கு நடத்திய குதிரை வளர்ப்பின் எச்சமான அவை, சுற்றுலாப் படங்களில் வெறும் இயற்கைக் காட்சியாகின்றன.

அண்மைக்கால வரலாறு இன்னும் கடினமானது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். நெடுந்தீவு வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுட் சிலரின் வீட்டிலேயே இதன் நினைவு இருக்கும். பன்னூறு பாடசாலைகள் பார்த்திருக்கும் நேரலையில் சாட்சிகளை நிறுத்திக் கண்ணீரைப் பெறுவதை நாம் ஏற்கவில்லை. அது துயரத்தையும் பண்டமாக்கும். ஆயினும் மையத்தில் எழுதப்படும் நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமேயில்லை என்பது வேறு விடயம். அவ்விடத்தை அத்தீவின் ஆசிரியரும் மக்களும் தாமே வரையறுக்கக்கூடிய நிலை வேண்டும்.

ஆகவே நேரலையை நிராகரித்தல் எமது நோக்கமன்று. இலண்டன் தேசிய ஆவணக் காப்பகம் பாடசாலைகளுக்கு நடத்தும் இணையவழி வகுப்புகளில் மூல ஆவணமே மாணாக்கர் முன் வைக்கப்படுகின்றது, அம்முறை பின்பற்றத்தக்கது. ஒல்லாந்தக் கம்பனியின் ஏடுகள் கொழும்பிலும் ஹேக் நகரிலும் உள்ளன. தீவகப் பிள்ளை தன் தீவைப் பற்றிய ஏட்டை அங்கிருந்து திரையிற் காண்பதும், ஊவாவின் பிள்ளை நயினாதீவுக் கோயிலில் நிற்கும் பிள்ளையிடம் கல்வெட்டைப் பற்றி வினவுவதும் இன்று ஆகக்கூடியனவே. அதற்கு வேண்டுவன சில: குறிகட்டுவானிலிருந்து படகு, ஆசிரியருக்குக் கூலியோடு கூடிய ஆயத்த நேரம், அரசு செலுத்தும் இணையக் கட்டணம், நாற்பது பேருக்கு மேற்படாத கூட்டம், திறந்த ஒலிவாங்கி.

இவற்றுட் பல அரசின் பொறுப்பு. எம்மைப் போன்ற சங்கங்களின் பொறுப்பு ஒன்றும் உண்டு. இந்திரபாலாவின் பதிப்பு ஆங்கிலத்தில் அமைந்தது, புலமையாளர்க்கென எழுதப்பட்டது. கல்வெட்டின் படம், வரிவரியான வாசகம், எளிய தமிழில் பொருள், பங்கீடு பற்றிய இரண்டொரு வினா ஆகியவற்றை ஒன்பதாந்தர மாணாக்கர் வாசிக்கத்தக்க நான்கு பக்கங்களில் அச்சிட்டு, மின்சாரம் இல்லாத நாளிலும் பயன்படுமாறு தீவகப் பாடசாலைகளுக்கு அனுப்புவதற்கு நாம் எவருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.