லண்டன் தண்ணீரும் ஜப்பான் எஞ்சினும்: பழைய பைக்குக்கு எந்தக் கூலன்ட்?

லண்டனில் பழைய பைக் வைத்திருப்பவருக்கு வண்டியின் வயதுதான் முதல் கணக்கு. 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரத்தின் எல்லா பரோக்களும் யூலெஸ் என்ற மாசுக் கட்டண மண்டலத்துக்குள் வந்துவிட்டன. யூரோ 3 புகை அளவைத் தொடாத பைக்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் நாளுக்கு 12.50 பவுண்டு. பெரும்பாலும் 2007 ஜூலைக்குப் பிறகு பதிவான வண்டிகள்தாம் இதில் தேறும். நாற்பது வயதைத் தாண்டி, வரலாற்று வாகனம் என்று பதிவை மாற்றிக்கொண்ட வண்டிக்கோ கட்டணமே இல்லை. தொண்ணூறுகளின் அருமையான பைக்குகள் ஷெட்டில் முடங்கிக் கிடக்க, அவற்றின் அப்பன்மார் நார்த் சர்க்குலர் ரோட்டில் கம்பீரமாகப் போய்வருகிறார்கள்.

நான் ஓட்டுவது அப்படியொரு அப்பன்: 1981-ஆம் ஆண்டு ஹோண்டா சிஎக்ஸ்500. இந்த மாடல் 1978-இல் வந்தது. 497 சிசி வி-ட்வின் எஞ்சின், செயினுக்குப் பதில் ஷாஃப்ட், டியூப் இல்லாத டயர், தண்ணீரால் குளிரும் எஞ்சின். அன்றைக்கு நடுத்தர பைக்கில் இவ்வளவையும் சேர்த்துப் பார்ப்பது அரிது. எண்பதுகளில் லண்டன் அலுவலகங்களுக்கிடையே பார்சலும் பத்திரமும் சுமந்த டெஸ்பாட்ச் ரைடர்கள் இதைத்தான் விரட்டினார்கள். அழகில் ஒன்றும் சொல்வதற்கில்லை. ‘பிளாஸ்டிக் மேகட்’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள். ஆனால் எண்ணெயும் தண்ணீரும் இருந்தால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தண்ணீர் விஷயத்தில்தான் வில்லங்கம். தமிழ்நாட்டில் பைக் பழகிய என் தலைமுறைக்குக் கூலன்ட் என்பது காருக்கு உரிய சமாச்சாரம். புல்லட், ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ்100 எல்லாமே காற்றில் குளிர்ந்தவை. நாம் ராஜ்தூத் 350 என்று வாய்பிளந்து பார்த்த யமஹாவும் காற்றில் குளிர்வதுதான். அதன் உறவுக்காரனான ஆர்டி350எல்சி 1980-இலேயே ரேடியேட்டரோடு பிரிட்டன் தெருக்களில் பறந்துகொண்டிருந்தது. ராயல் என்ஃபீல்டு தன் முதல் லிக்விட் கூல்டு பைக்கான ஹிமாலயன் 450-ஐ வெளியிட்டது 2023-இல்தான். ஆக, கடையில் நீலம், பச்சை, சிவப்பு, ஊதா என்று பாட்டில்கள் வரிசையாக நிற்கும்போது நம்மவர்கள் நிறத்தைப் பார்த்து வாங்குவதில் வியப்பில்லை.

நிறத்தை மறந்துவிடுங்கள். அது வெறும் சாயம். எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட நிறக் கணக்கு என்று ஒன்று கிடையவே கிடையாது.

பெரும்பாலான பாட்டில்களில் இருப்பது எத்திலீன் கிளைகால். அது தண்ணீர் உறையும் புள்ளியைக் கீழே இறக்கும், கொதிக்கும் புள்ளியை மேலே ஏற்றும். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. மூன்றில் ஒரு பங்கு கலந்தாலே மைனஸ் 17, 18 வரை தாங்கும். மைனஸ் பத்தையே அபூர்வமாகப் பார்க்கும் லண்டனுக்கு இந்த விஷயத்தில் எந்த பாட்டிலும் போதும். நாம் காசு கொடுப்பது உண்மையில் அதோடு சேர்த்திருக்கும் சில விழுக்காடு அரிப்புத் தடுப்பு மருந்துக்கு. தேர்வு செய்ய வேண்டியதும் அதைத்தான்.

பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட், போரேட் போன்ற உப்புகள் இருக்கும். அவை உலோகத்தின்மேல் உடனே ஒரு படலம் போட்டுக் காக்கும். இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். தொண்ணூறுகளில் பரவிய ஓஏடி வகை கரிம அமிலங்களை நம்புகிறது. அது அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் நீண்ட நாள் உழைக்கும். இரண்டையும் கலந்த ஹைபிரிட் மூன்றாவது வகை. பிஎம்டபிள்யூ நீண்ட காலம் பயன்படுத்திய ஜி48 இந்த இனம்: சிலிக்கேட் உண்டு, பாஸ்பேட் இல்லை.

ஜப்பானியரும் ஐரோப்பியரும் முட்டிக்கொள்வது இங்கேதான். ஜப்பான் நிறுவனங்கள் சிலிக்கேட் வேண்டாம் என்கின்றன. அது வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும், ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும் என்று ஹோண்டாவின் பிற்காலக் கையேடுகள் எச்சரிக்கின்றன. அவர்களுக்குப் பாஸ்பேட் பிடிக்கும். ஐரோப்பியர்களோ பாஸ்பேட்டைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். காரணம் இங்குள்ள கடினத் தண்ணீர். அதிலிருக்கும் கால்சியத்தோடு பாஸ்பேட் சேர்ந்தால் படிவாகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்புப் பாறை வழியே வரும் லண்டன் தண்ணீரின் கடினத்தன்மை பல பகுதிகளில் லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டும். ஆதாரம் வேண்டுமானால் டீ போடும் கெட்டிலைத் திறந்து பாருங்கள். அதே வெள்ளைப் படிவு, விரல்கூட நுழையாத ரேடியேட்டர் குழாய்க்குள் படிவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சிஎக்ஸ்500-க்கு இது இன்னும் உறைக்கும். இதன் வாட்டர் பம்ப் எஞ்சினின் பின்புறம், கேம் ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கிறது. தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்து வைப்பது ஒரு மெக்கானிக்கல் சீல். ஒன்றோடொன்று உரசிச் சுழலும் இரண்டு வழவழப்பான முகங்கள், நடுவில் மெல்லிய கூலன்ட் படலம், அவ்வளவுதான் அந்த ஏற்பாடு. அதில் படிவோ துகளோ சிக்கினால் சீல் தேயும். கீழே இருக்கும் சிறு துளை வழியே கூலன்ட் சொட்டத் தொடங்கும். எப்போதாவது ஒரு சொட்டு என்றால் பயமில்லை. சொட்டு நிற்காமல் விழுந்தால் பின் கவரைக் கழற்ற வேண்டும், அதற்கு எஞ்சினையே பிரேமிலிருந்து இறக்க வேண்டும். சில பவுண்டு பெறுமான சீலுக்கு வார இறுதி முழுவதும் போகும்.

இனி ஊற்றிப் பார்த்த அனுபவம். முதலில் கார் கடையில் கிடைக்கும் சாதாரண நீல வகை. இது சிலிக்கேட் உள்ள பழைய இனம். விலை மலிவு, எங்கும் கிடைக்கும். வெப்ப முள்ளில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் இரண்டு குளிர்காலம் கழித்து வடித்தபோது நிறம் மங்கி, அடியில் மெல்லிய வண்டல் இறங்கியிருந்தது. அது கூலன்ட்டின் தப்பா, வண்டியில் முன்பே இருந்த அழுக்கா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த சீலை நினைத்தபோது மறுபடி ஊற்ற மனம் வரவில்லை.

அடுத்தது சிவப்பு ஓஏடி. ஐந்து ஆண்டு உழைக்கும் என்று பாட்டில் ஆசை காட்டும். புது வண்டிக்குச் சரி. பழைய வண்டிக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஈயப் பற்றவைப்பு உள்ள பித்தளை ரேடியேட்டர்களுக்கும் பழைய சீல்களுக்கும் ஓஏடி ஒத்துவராது என்று பிரிட்டனின் வரலாற்று வாகனக் கழகங்களின் கூட்டமைப்பே தன் உறுப்பினர்களை எச்சரித்திருக்கிறது. என் வண்டியில் இதற்கு மாற்றிய சில நாளில் ஒரு ஹோஸ் முனை ஈரமானது. கிளிப்பை இறுக்கியதும் நின்றது.

இப்போது உள்ளே இருப்பது சிலிக்கேட் இல்லாத, பாஸ்பேட் உள்ள ஜப்பானிய வகை, தயார்நிலையில் கலந்து வருவது. பைக் கடையில் கொஞ்சம் கூடுதல் விலைதான். ஆனால் எஞ்சினுக்கு ஜப்பான்காரன் சொன்ன மருந்தும் கிடைக்கிறது, கலந்திருக்கும் தண்ணீர் உப்பு நீக்கியது என்பதால் லண்டன் குழாய்க்கும் வேலை இல்லை. இரண்டு தரப்புச் சண்டையும் ஒரே பாட்டிலில் தீர்ந்தது. முள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, துளை காய்ந்திருக்கிறது. மோட்டுல் மோட்டோகூல் எக்ஸ்பர்ட் போல மைனஸ் 37-க்குக் கலந்தே வரும் பைக் கூலன்ட்கள் வேறும் உண்டு. எதை எடுத்தாலும் பின்பக்கப் பொடியெழுத்தில் சிலிக்கேட் இல்லை என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீரே இல்லாத எவான்ஸ் வகையைப் பற்றி ஏஸ் கஃபேயில் நிற்கும்போதெல்லாம் யாராவது பேச்செடுப்பார்கள். 1938-இல் தொடங்கி, 1969-இல் மூடி, 2001-இல் மீண்டும் திறந்த, பைக்காரர்கள் கூடும் இடம் அது. அங்கே கூலன்ட் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. எவான்ஸ் 180 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், தண்ணீர் இல்லாததால் துருவும் குறையும். எல்லாம் உண்மை. ஆனால் வெப்பத்தைச் சுமக்கும் திறனில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. கிளைகால் கூடக்கூட அந்தத் திறன் குறைகிறது. வழியில் கூலன்ட் குறைந்தால் பெட்ரோல் பங்கில் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கவும் முடியாது. வருடம் முழுக்க ஷெட்டில் நிற்கும் காட்சி வண்டிக்கு வாங்கலாம். தினமும் ஓடும் வண்டிக்கு அந்த விலை எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொன்று: கூலன்ட் மாற்றினால் சூடு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிஎக்ஸ்500-இன் விசிறி மின்சாரத்தில் ஓடுவதல்ல, கேம் ஷாஃப்ட்டோடு சுற்றுவது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். ஹீத்ரோவில் 40.2 டிகிரி பதிவான 2022 ஜூலை 19 போன்ற நாளில் ஹேங்கர் லேன் நெரிசலில் மாட்டினால் எந்தப் பாட்டிலும் காப்பாற்றாது. அதைவிட ரேடியேட்டர் மூடியைக் கவனியுங்கள். அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் 107 டிகிரியில் கொதிக்க வேண்டிய கலவை 120-ஐயும் தாண்டித் தாங்குகிறது. நாற்பது வயது ரப்பரை நம்பாமல் புது மூடி போடுவது, விலை உயர்ந்த கூலன்ட்டைவிட லாபம்.

மாற்றும் முறையில் ஒரு நுணுக்கம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பழையதை வடித்து, டீஅயனைஸ்ட் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு மீண்டும் வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்யலாம். எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் தண்ணீர் எஞ்சின் உள்ளே தங்கும். அதன்மேல் கலந்த கூலன்ட்டை ஊற்றினால் மருந்து நீர்த்துப் போகும். அதனால் கழுவிய பிறகு நிரப்பும் முதல் தடவைக்கு மட்டும் அதே வகையில் கலக்காத பாட்டிலை வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியை ஊற்றிவிட்டு, மீதியை டீஅயனைஸ்ட் தண்ணீரால் நிரப்புங்கள். வடிகட்டி ஜாடித் தண்ணீர் அதற்கு ஈடாகாது. பிறகு வண்டியை இரு பக்கமும் சாய்த்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒளிவிலகல் மானி வைத்துப் பார்த்தால் உறைநிலை தெரியும், மருந்து மிச்சமிருக்கிறதா என்பது தெரியாது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு வைத்து மாற்றுவதே வழி. வேறு இனத்தைப் பழையதோடு கலக்கவே கலக்காதீர்கள், கூழாகும் வாய்ப்புண்டு.

வடித்ததைத் தெருச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். மழைநீர்க் குழாய் பல இடங்களில் நேரே ஆற்றுக்குப் போகிறது. எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம், பக்கத்து வீட்டுப் பூனை நக்கினால் சிறுநீரகம் போய்விடும். மூடிய கேனில் அடைத்து, பெயர் எழுதி, கவுன்சிலின் மறுசுழற்சி நிலையம் ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொண்டு எடுத்துப் போங்கள். பிரெண்ட் பரோக்காரர்களுக்கு அது பார்க் ராயல் பக்கம் அபே ரோட்டில் இருக்கிறது. பீட்டில்ஸ் நடந்துபோன அபே ரோடு அது இல்லை, வழிகாட்டி ஆப்பில் அஞ்சல் குறியீட்டைப் பார்த்துப் போடுங்கள்.