இடைநிலை உலோகச் சேர்மப் பெயர்கள்: எழுத்தும் ஒலிப்பும்

சோடியம், கால்சியம் போன்ற உலோகங்கள் அயனிச் சேர்மங்களில் ஒரே மின்சுமையுடன் அமைவதால் அவற்றின் பெயரில் மின்சுமையைச் சுட்ட வேண்டுவதில்லை. இரும்பு, காப்பர் முதலிய இடைநிலை உலோகங்கள் பலவும் ஒன்றுக்கு மேற்பட்ட மின்சுமை ஏற்பன. அவற்றின் சேர்மப் பெயர் மின்சுமையையும் உணர்த்தியாக வேண்டும். தமிழில் வழங்கும் பெயர்கள் இப்பணியை எந்த அளவிற்கு நிறைவேற்றுகின்றன என்பது ஈண்டு ஆராயப்படுகிறது.

மரபுப் பெயர்களான அன்னபேதி, மயில்துத்தம் ஆகியன பொருளை அடையாளம் காட்டுமேயன்றி அதன் இயைபைக் காட்டா. பெர்ரஸ், பெர்ரிக், குப்ரஸ், குப்ரிக் என்னும் ஒலிபெயர்ப்புகளில் விகுதி உண்டு. ஆயினும் அவ்விகுதி குறைவு, மிகுதி என்னும் ஒப்பீட்டை மட்டுமே தருகிறது. பெர்ரஸ், குப்ரிக் இரண்டிலும் மின்சுமை 2, விகுதியோ வேறு. இலத்தீன் அறியாத மாணவர்க்குப் ‘பெர்’ என்னும் பகுதி இரும்பை நினைவூட்டுவதுமில்லை.

1919இல் ஆல்ஃபிரட் ஸ்டாக் முன்மொழிந்த முறை இக்குறைகளை நீக்கியது. உலோகப் பெயரை ஒட்டி, அடைப்புக்குறிக்குள், ஆக்சிஜனேற்ற எண் ரோமன் எண்ணாகக் குறிக்கப்படும் (இங்கு அது 1, 2 எனத் தரப்படுகிறது). அச்சில் இம்முறை தெளிவானது. வாய்விட்டுப் படிக்கும்போதே சிக்கல் எழுகிறது.

ஆங்கிலத்தில் எண்ணிக்கையை உணர்த்தும் எண் பொதுவாகப் பெயருக்கு முன்னர் வரும். தமிழில் ‘இரண்டு மாடு’, ‘மாடு இரண்டு’ ஆகிய இரு தொடரும் எண்ணிக்கையையே குறிக்கும். எனவே, காப்பர்(2) ஆக்சைடு என்பது ‘காப்பர் இரண்டு ஆக்சைடு’ என ஒலிக்கும்போது, ‘இரண்டு’ முன்சொல்லோடும் இயையும், பின்சொல்லோடும் இயையும். முன்சொல்லோடு இயைந்தால் இரு காப்பர் அணுக்கள் என்பது பொருள். ஆனால் இச்சேர்மத்தில் காப்பரும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உள்ளன. ஓர் ஆக்சிஜனுக்கு இரு காப்பர் அமைவது காப்பர்(1) ஆக்சைடிலேயே. கேட்பவர் கரிய ஆக்சைடைச் சிவப்பு ஆக்சைடாக மாற்றி உணர நேர்கிறது. இது மாணவரின் கவனக்குறைவன்று, தொடரமைப்பின் விளைவு.

கலைச்சொல்லாக்கம் இதுகாறும் வேர்ச்சொல் தேர்விலேயே பெரிதும் கருத்துச் செலுத்தியுள்ளது. ‘செம்பா, தாமிரமா, காப்பரா’ என்னும் விவாதம் முடிந்தாலும் இச்சிக்கல் எஞ்சும். எழுத்தில் ஸ்டாக் முறையையே கொண்டு, ஒலிப்பில் ‘இரண்டாம் நிலைக் காப்பர் ஆக்சைடு’ என வரிசை எண்ணுப்பெயரை முன்னிறுத்தல் தக்கது. வரிசை எண் அணுக்களை எண்ணாது. கரிம வேதியியலிலும் இத்தொடர் வேறு பொருளில் வழங்குவதால், முதன்முறை ‘ஆக்சிஜனேற்ற நிலை’ என முழுமையாகக் கூறல் வேண்டும். பெயர் கண்ணுக்கு மட்டுமன்றிச் செவிக்கும் பொருந்துதல் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பாகும்.